புங்கன் கேட்டவர்களுக்கு ஏன் கலந்து கொடுத்தோம்: நர்சரி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம். நம் நர்சரியில் கன்று வாங்குகிற ஊராட்சிக்காரர்கள், நகர்க் குடியிருப்போர் சங்கத்தார், பிறந்தநாளுக்கும் காதுகுத்துக்கும் மரக்கன்று கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்த மடல்.

வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது, உங்களுக்கும் வந்திருக்கும். "அண்ணே, இது உங்களப் பத்தியா?" என்று கேட்டு எனக்கே பல பேர் அனுப்பிவிட்டார்கள். ஆமாம், என்னைப் பற்றித்தான், ஒரு ஊராட்சிக்கு நான் ஏற்றி அனுப்பிய கன்று லோடைப் பற்றித்தான். அதில் பேசுகிறவர் கன்று ஆறடி உயரம் இல்லை என்கிறார், சரி, அது பேச வேண்டிய விஷயம், கீழே சொல்கிறேன். புங்கன் கேட்டால் கண்டதையும் கலந்து கொடுக்கிறார்கள் என்கிறார், அதுவும் உண்மைதான், தெரிந்தே செய்ததுதான். ஆனால் "விற்காமல் கிடந்த கன்றையெல்லாம் ஊராட்சி தலையில் கட்டிவிட்டான்" என்று ஒரு வார்த்தை வருகிறது பாருங்கள், அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நர்சரி வேலை தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எது விற்காமல் கிடக்கும், எது விற்கும் என்று கொஞ்சம் யோசியுங்கள். புங்கன் காய் கோடையில் ரோட்டோரத்திலேயே கொட்டிக் கிடக்கும், பொறுக்கி வந்து உடைத்துப் போட்டால் பத்துப் பதினைந்து நாளில் முளை வந்துவிடும், அடுத்த மழைக்குள் விற்றுக் காசு பார்த்துவிடலாம். இலுப்பை அப்படியா? ஆனி, ஆடியில் பழம் உதிரும்போது கோயில்காட்டில் நின்று பொறுக்க வேண்டும், இரண்டு மூன்று வாரத்துக்குள் பையில் போட்டாக வேண்டும், மூட்டை கட்டி வைத்தால் உயிர் போய்விடும். நாவலும் அதே கதைதான், அதிலும் ஒரு கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை கிளம்பும், அதைப் பதமாகப் பிரித்து வேறு பையில் நட வேண்டும். மகிழம் கேட்கவே வேண்டாம், இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றினாலும் முழங்கால் உயரத்தில் நின்று நம்மைப் பார்க்கும். எனக்கு லாபம்தான் குறி என்றால் அத்தனையும் புங்கனாகவே கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கலந்து கொடுத்ததில் எனக்கு வேலைதான் அதிகம்.

ஆர்டர் தாளில் "நிழல்தரும் மரக்கன்றுகள்" என்று மட்டும்தான் இருந்தது, புங்கன் என்பது போனில் சொன்னது. அப்போதே கலந்து தருகிறேன் என்று சொல்லித்தான் வண்டி ஏற்றினேன். அந்த ஊராட்சியின் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர்களும் என்ன செய்வார்கள், மேலேயிருந்து எத்தனை கன்று நட்டீர்கள் என்றுதான் கேட்கிறார்கள், எத்தனை வகை என்று யாரும் கேட்பதில்லை. 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் ஆரம்பித்து, 23.7 சதவீதமாக இருந்த பசுமைப் பரப்பை 33-ஆக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். நல்ல இலக்குதான். ஆனால் அதை எண்ணிக்கையில் மட்டும் பார்த்தால், சீக்கிரம் முளைக்கிற, ஆடு வாய் வைக்காத, விலை குறைந்த ஒரே மரம்தான் தெருத்தெருவாக வரும்.

அதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். கல்யாண முருங்கையை நினைத்துப் பாருங்கள். 2005 வாக்கில் கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னக் குளவி தென்னிந்தியாவுக்குள் வந்தது. இலையும் தண்டும் கொப்பளித்துச் சுருண்டு, வேலிவேலியாக நின்ற மரங்கள் பட்டுப்போயின. கேரளத்தில் அதில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தவர்கள் பாடு பெரும் பாடு. 2021-இல் தெலங்கானாவில் வேப்ப மரங்கள் நுனி கருகி நெருப்பு பட்ட மாதிரி நின்றன, காரணம் ஒரு பூஞ்சையும் தேயிலைக் கொசு என்கிற பூச்சியும் என்றார்கள். பெரும்பாலான மரங்கள் திரும்பத் துளிர்த்தது நம் நல்ல நேரம். சாலை முழுக்க வேம்பு மட்டுமே வைத்த ஊருக்கு அந்தக் கோடையில் எப்படி இருந்திருக்கும்!

அமெரிக்காவில் தெருவெல்லாம் எல்ம் மரம் வைத்திருந்தார்கள். டச்சு எல்ம் நோய் வந்து வாரிக்கொண்டு போனது. சரி என்று பல ஊர்களில் அந்த இடத்தில் ஆஷ் மரத்தை வரிசையாக நட்டார்கள். 2002-இல் டெட்ராய்ட் பக்கம் ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டைக் கண்டுபிடித்தார்கள், அது ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் தின்று தீர்த்தது. இந்த வண்டு வருவதற்கு முன்பே, 1990-இல், சான்டமோர் என்கிற மர விஞ்ஞானி ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்: ஒரு ஊரில் ஒரே வகை மரம் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம், அதாவது நெருங்கிய உறவான மரங்கள், இருபதுக்கு மேல் வேண்டாம், ஒரே குடும்பம், அதாவது தூரத்து உறவும் சேர்த்து, முப்பதுக்கு மேல் வேண்டாம். இது ஒன்றும் வேதவாக்கு இல்லை, இன்னும் கடுமையாக வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் பட்டியல் எழுத உட்காரும்போது நல்ல துணை.

ஏனென்றால் நம்மூர்ப் பட்டியலில் பெயர் நிறைய இருக்கும், வகை இருக்காது. புங்கன், வாகை, தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, இயல்வாகை, சரக்கொன்றை, மந்தாரை, புளி. எட்டுப் பெயர், பார்க்கத் தடபுடலாக இருக்கும். எட்டும் அவரைக் குடும்பம்தான். அதே மாதிரி ஆல், அரசு, அத்தி, இச்சி நான்கும் ஒரே பேரினம். அதனால்தான் அந்த லோடில் புங்கனைக் குறைத்து நீர்மருது, புன்னை, பூவரசு, மகிழம், நாவல், இலுப்பை, மாவிலங்கம், கடம்பு என்று ஏற்றினேன், மகிழமும் இலுப்பையும் மட்டும் ஒரே குடும்பம், மற்றதெல்லாம் வேறு வேறு குடும்பம். குளத்துக் கரைக்கு நீர்மருது, பள்ளிக்கூடத்துக்குள் நாவல் என்று தாளில் எழுதியும் கொடுத்தேன். அந்தத் தாள் எங்கே போனதோ!

நம் மாவட்டத்துக்கு ஒரே மரத்தின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் தைலமரக் காட்டைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது ஒரே ராத்திரியில் தென்னந்தோப்புகள் படுத்ததையும் பார்த்தோம். தென்னையை மட்டும் நம்பியிருந்தவர்கள் எழுந்திருக்க எத்தனை வருடமாயிற்று என்று கீரமங்கலம் பக்கம் கேட்டால் சொல்வார்கள்.

ஆறடி விஷயம். சின்னப் பையில் ஆறடி வளர்த்த கன்று என்றால் அடியில் வேர் சுருண்டு முடிச்சாகியிருக்கும். பையைக் கிழித்துப் பாருங்கள், உள்ளே கயிறு சுற்றிய மாதிரி இருக்கும். நட்ட அன்று போட்டோவுக்கு நன்றாக இருக்கும், பெருங்காற்றில் முதலில் சாய்வதும் அதுதான். மூன்றடிக் கன்று மண்ணைப் பிடித்துக்கொண்டு அதை முந்திவிடும். கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரம் கேட்கும் நகர்வாசிகளுக்கும் பதில் பழையதுதான், வைத்திருக்கவில்லை, வைக்கவும் மாட்டோம். குஜராத்தில் 2023-லேயே தடை போட்டுவிட்டார்கள்.

விதை பொறுக்கித் தந்த பெரியவருக்கு முழங்கால் வலி, இப்போது வருவதில்லை. அவர் அளவுக்கு எந்தக் காட்டில் எந்த மரம் எப்போது காய்க்கும் என்று தெரிந்த ஆள் இன்னும் அமையவில்லை. செம்மண்ணும் தொழு உரமும் பையும் கூலியும் ஏறியிருப்பது உங்களுக்கே தெரியும். அதனால் கன்றுக்குப் பத்து ரூபாய் கூட்டியிருக்கிறோம், பட்டுப்போன கன்றுக்கு மாற்றுக் கன்று தருவதும் இந்தப் பருவத்தோடு நிற்கிறது.

இந்தப் பதிவு சுற்றிய நாட்களில் "நாங்க வச்ச மருதப் பாருங்க" என்று போட்டோ அனுப்பியவர்களுக்கும், கேட்காமலே எனக்காகக் குழுக்களில் பேசியவர்களுக்கும் ரொம்ப நன்றி. உங்களுக்குத் திரும்பச் செய்ய என்னிடம் கன்றைத் தவிர என்ன இருக்கிறது, அடுத்த முறை வரும்போது ஒரு மகிழம் என் கணக்கில்.

ஐப்பசி மழைக்கு நட வேண்டும் என்றால் ஆவணிக்குள் சொல்லிவிடுங்கள். ஊராட்சிக்கோ சங்கத்துக்கோ பட்டியல் போட வேண்டுமென்றால் இடத்தின் போட்டோ, மண், கரண்ட் கம்பி, குழாய் விவரம் எடுத்து வாருங்கள், எது எங்கே என்று உட்கார்ந்து எழுதித் தருகிறேன், அதற்குக் காசு கிடையாது. காலையில் தண்ணீர் பாய்ச்சுகிற நேரம், சாயங்காலம் வந்தால் நிதானமாகப் பேசலாம்.