பொடுகு எண்ணெய் காய்ச்சும் அக்காமாருக்கு

திருநெல்வேலி வட்டாரத்தில் மூலிகைத் தலை எண்ணெயும் சீயக்காய்ப் பொடியும் தயாரித்து விற்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் அக்காமாருக்கும் மதினிமாருக்கும் வணக்கம்.

பாட்டிலில் நீங்கள் ஒட்டும் சீட்டைப் பற்றித்தான் இந்த மடல். ‘பொடுகு, நமச்சலுக்கு இரவில் தேய்த்து ஊறவிடவும்’ என்று போடுகிறீர்கள். அந்த ஒரு வரியை மாற்றுங்கள்.

மலசீசியா என்கிற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லார் தலையிலும் குடியிருக்கிறது. தலைத்தோலில் சுரக்கும் பிசுக்குதான் அதற்குச் சாப்பாடு. தின்றது போக அது விட்டுவைக்கும் ஒலீயிக் அமிலம் சிலருக்குத் தோலை உறுத்தும். தோல் அவசர அவசரமாக உரியும். அதுதான் செதில், அதுதான் நமச்சல். ஏற்கெனவே பிசுபிசுத்த தலையில் ராத்திரி முழுக்க எண்ணெயும் நின்றால் பூஞ்சைக்குப் பந்தி விரித்த மாதிரி.

வெறும் வறட்சி வேறு. அதில் உதிர்வது சன்னமாக, காய்ந்த மாவு போல இருக்கும். கை காலும் வெள்ளை பூத்திருக்கும். அந்தத் தலைக்கு எண்ணெய் நல்லதே. பொடுகுச் செதில் லேசான மஞ்சளாக விரலில் ஒட்டும். புருவம், மூக்கோரம், காதுக்குப் பின்னால் என்று அங்கேயும் தலைகாட்டும். முடியோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தாலும் வழுக்கி வராதது ஈர், அதாவது பேன் முட்டை. அதற்குப் பேன் சீப்புதான். யாருக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் பாட்டிலை எடுத்துக் கொடுங்கள்.

சீட்டில் இப்படி இருக்கட்டும்: ‘குளிக்க அரை மணி நேரம் இருக்கும்போது தலைத்தோலில் மட்டும் தேய்த்து, சீயக்காய் அல்லது அரப்பு போட்டு அலசவும். வாரம் இரண்டு முறை.’ எண்ணெயின் வேலை செதிலை இளக்கிக் கொடுப்பது, அவ்வளவுதான். மிச்சத்தைச் செய்வது அலசல். செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளிக்கிற நம்மூர் வழக்கம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இனி எண்ணெய். பொடுதலைச் செடி குளத்தங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தரையோடு படர்ந்து கிடக்கும். சாக்கடை ஓரத்தில் பறிக்காதீர்கள். இடித்துப் பிழிந்த சாறு ஒரு லிட்டருக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர். அடி கனத்த பாத்திரம், சிறுதீ. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் கசடு கருகி எண்ணெய் கறுக்கும், முந்தியே இறக்கினால் சாற்றுத் தண்ணீர் உள்ளேயே தங்கும். ஒரு திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்திப் பாருங்கள். சடசடவென்று பொரிந்தால் ஈரம் இருக்கிறது, இன்னும் காய வேண்டும். சத்தமில்லாமல் நின்று எரிந்தால் இறக்கலாம். கொஞ்ச நாளிலேயே பாட்டில் காறல் வாடை அடிக்கவும் அடியில் பூசணம் பிடிக்கவும் பெரும்பாலும் அந்த மிச்ச ஈரமே காரணம். கழுவிய பாட்டிலைச் சரியாக உலர்த்தாமல் ஊற்றினாலும் இதே கதி.

வெட்பாலை இலை எண்ணெய்க்கு அடுப்பே வேண்டாம். இலையைக் கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, கையால் கிள்ளிப் போடுங்கள். கால் கிலோ இலைக்கு அரை லிட்டர் தேங்காய் எண்ணெய். கண்ணாடிப் பாத்திரத்தின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். பச்சையாக இருந்த எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு வரும். நம்மூர் வெயிலிலும் நிறம் ஏறவே இல்லை என்றால் நீங்கள் பறித்தது வேறு வகைப் பாலை மரத்தின் இலையாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் 1964 முதல் இயங்கும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இலையைக் காட்டிக் கேளுங்கள். மூலிகைகளைப் படிக்கும் குணபாடத் துறை அங்கே இருக்கிறது.

பொடியில் நடக்கும் தவறு பெரும்பாலும் மில்லில்தான். மிளகாய் அரைத்த மிஷினிலேயே சீயக்காயைப் போட்டால் ஒட்டியிருக்கும் காரம் பொடியோடு வரும். சொறிந்து புண்ணான தலையில் அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. தனி மிஷின் இல்லாத மில் என்றால் முதலில் அரைக்கிலோ நொய்யரிசி ஓட்டி, அந்த மாவைக் கொட்டிவிட்டு அரைக்கச் சொல்லுங்கள். அரைத்ததை மெல்லிய துணியில் சலியுங்கள். கொரகொரப்பான திப்பி தோலைக் கீறும், முடிக்குள் தங்கிக் காய்ந்தால் செதில் போலவே தெரியும். ‘உங்க பொடி போட்டும் பொடுகு போகல’ என்று சொல்பவரின் தலையில் இருப்பது பல நேரம் இந்தத் திப்பிதான். வெந்தயம், சிறுபயறு சேர்த்த பொடியில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். பொடுகுத் தலைக்கென்று அவற்றைச் சேர்க்காத பொடி தனியாகப் போடுங்கள். மேசைக்கரண்டியால் இரண்டு கரண்டிப் பொடியை உப்புப் போடாத வடிகஞ்சியில் பத்து நிமிஷம் ஊறவைத்து, தலைத்தோலில் தடவி, மூன்று நான்கு நிமிஷம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் அலச வேண்டும். ஈரத்தோடு இரட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் சாயங்காலம் வரை தலை புழுங்கும். தாய்மாரிடம் இதையும் சொல்லுங்கள்.

எலுமிச்சைச் சாறும் கற்பூரமும் சேர்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சாறு புண்ணில் எரியும். நெற்றியில் வழிந்த சாற்றோடு வெயிலில் போனால் தோல் வெந்து, கறுத்த திட்டு விழும். கற்பூரம் சிறு பிள்ளைகளுக்கு வலிப்பையே வரவழைக்கக்கூடும்.

பொடுகைக் குணப்படுத்தும் மருந்து என்று சொல்லி விற்பதானால் 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டப்படி சித்த மருந்து தயாரிப்பு உரிமம் வேண்டும். அது இல்லையென்றால் சீட்டில் அப்படிப் போடாதீர்கள். ‘தலை எண்ணெய்’ என்று மட்டும் போட்டு விற்பதற்கும் அதே சட்டப்படி அழகுசாதனப் பொருள் தயாரிப்பு உரிமம் வேண்டும்.

நான்கு வாரம் இப்படி அலசியும் தணியவில்லை என்றால் பூஞ்சையை அடக்கும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு மெடிக்கலில் கிடைக்கும்: வாரம் இரண்டு முறை, ஐந்து நிமிஷம் நுரையோடு விட்டு அலச வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. வட்டமாக முடி ஒடிந்து சொட்டை விழுந்த பிள்ளை, வெள்ளிப் பொருக்குப் போலத் தடித்த செதில் நெற்றி வரை இறங்கியவர், சீழோ நீரோ வடிகிற தலை: இவர்கள் வந்து கேட்டால் பாட்டிலை எடுக்காதீர்கள். தோல் டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைத்தோல் வைத்தியம் தெரிந்த சிலர்,
பாளையங்கோட்டை