ராசிபலனுக்குக் கீழே ஒரு கால் பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாணவர் பக்கம் ஏன் வருவதில்லை என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, சென்ற இதழில் "மூளை ஆராய்ச்சி போன்ற கடினமான விஷயங்களை மாணவர்கள் எழுதினால் பிழை வரும், வல்லுநர்கள் எழுதுவதே நல்லது" என்று பதில் போட்டிருந்தீர்கள். சரி. பக்கத்தைத் திருப்பினால் உங்கள் வல்லுநர் காத்திருக்கிறார். மனிதன் தன் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறானாம், மீதியைத் தட்டி எழுப்ப ஐந்து வழியும் சொல்லியிருக்கிறார். உடல் எடையில் 2 சதவீதம் இருக்கிற மூளை, நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பின் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தின்கிறது. முக்கால்வாசிக்கு மேல் தூங்கும் உறுப்புக்கு உடம்பு இவ்வளவு தீனி போடுமா? இதை முதல் வருஷ மாணவியே கேட்டிருப்பாள். உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லிவிடப் போகிறேன்.

திருச்சியில் ஒரு கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 22 வருஷமாக புராஜெக்ட், தீசிஸ் என்று பைண்டிங் போட்டுக் கொடுக்கிறேன். தங்க எழுத்தோடு போகும் அந்தப் புத்தகங்களை கைடும் தேர்வாளரும் தவிர யாராவது பிரித்திருப்பார்களா என்பதே சந்தேகம். பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில் நான் ஒருவன் புரட்டுவேன், ஒன்றும் புரியாது.

நான்கு வருஷத்துக்கு முன் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போனது. தண்ணீர் வேண்டும் என்றால் சொம்பைக் காட்டி அழுவார். ஆனால் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு நான் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் தேவாரம் வரிக்கு வரி வரும். ஒன்று, இரண்டு என்று இருபது வரை எண்ணுவார். கோபம் வந்தால், அப்பாவைத் திட்டும் ஒரு பழைய வசவு மட்டும் சுத்தமாக வந்து விழும். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "பாட்டு வருதாம், பேச்சு வராதாம், எல்லாம் நடிப்பு" என்று என் அத்தை கூடத்தில் உட்கார்ந்து அம்மா காதில் விழும்படியே சொன்னார். எனக்கும் ஒரு கட்டத்தில் அப்படித் தோன்றியது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. டாக்டரைக் கேட்டால் "ஸ்பீச் அஃபெக்ட் ஆகியிருக்கு" என்றார். அதைத்தான் நான் அவரிடம் சொன்னேன்.

அப்போதுதான் ஒரு உளவியல் மாணவி மூன்று காப்பி பைண்டிங்குக்கு வந்தாள். ஆய்வு பேச்சிழப்பைப் பற்றியது. அம்மா கதையைச் சொன்னேன். "நடிப்பு இல்லண்ணா" என்றவள், அடுத்த வாரம் தமிழில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தாள். மூளையின் இடது பக்கம் பேச்சுக்கான இடம் அடிபட்டால் நினைத்ததைச் சொல்ல வார்த்தை கிடைக்காது, ஆனால் பல வருஷமாக வாயில் ஊறிப்போன பாட்டு, எண்ணிக்கை, வசவு எல்லாம் பல பேருக்குத் தப்பித்துவிடும். பாட்டில் வலது பக்கத்துக்கும் பங்கு உண்டு என்பதால், 1970-களிலேயே அமெரிக்காவில் வார்த்தைகளை ராகம் போட்டுச் சொல்லவைத்துப் பேச்சுப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். 1861-இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் பார்த்த ஒரு நோயாளிக்கு எதைக் கேட்டாலும் 'தான், தான்' என்றுதான் வருமாம், ஆஸ்பத்திரியில் அதுவே அவர் பெயராகிவிட்டது. அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தால் இடது முன்பக்கம் சிதைந்திருந்தது. மற்றவர்கள் பேசியது அவருக்குப் பெரும்பாலும் புரிந்துகொண்டுதான் இருந்தது. "பேச்சுதான் போனது, புத்தி போகவில்லை" என்று முடித்திருந்தாள். அத்தைக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன், இலவசமாக.

அந்த இரண்டு பக்கத்தை உங்களுக்கு மூன்று முறை அனுப்பினேன். முதல் முறை 'பரிசீலனையில்' என்று ஒரு கார்டு வந்தது. அப்புறம் மாணவர் பக்கத்தையே நிறுத்திவிட்டீர்கள்.

ஆனால் பிழைக்குப் பயப்படும் நீங்கள்தானே நடுமூளையைத் தட்டி எழுப்புவதாகச் சொல்லும் அந்த 'மிட் பிரெயின் ஆக்டிவேஷன்' பயிற்சி விளம்பரத்தை முழுப் பக்கம், கலரில், மூன்று இதழ் போட்டீர்கள்? கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளை படிப்பான் என்று நம்பி என் பையனுக்கு 15,000 ரூபாய் கட்டினேன். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்த்துத்தான் படித்தான் என்று அவனே பிறகு சொன்னான். நடுமூளை கண் அசைவையும், வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குவதையும் கவனிக்கிற இடம், கண்ணைக் கட்டினால் அதற்குப் பாதி வேலை மிச்சம் என்று சிரித்ததும் அந்த மாணவிதான். வல்லுநர்கள் அந்த விளம்பரத்தைப் பார்க்கவில்லை போலும்.

'ஃபிரான்டியர்ஸ் ஃபார் யங் மைண்ட்ஸ்' என்று ஒரு இதழ் 2013-இலிருந்து வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விஞ்ஞானி எழுதுவதை 8 முதல் 15 வயதுப் பிள்ளைகள் படித்து, இந்த இடம் புரியவில்லை என்று எழுதினால், அவர் உட்கார்ந்து திருத்தவேண்டும். இங்கேயும் 2018-இல் மத்திய அரசு 'அவ்சர்' என்று ஒரு திட்டம் ஆரம்பித்து, பிஎச்டி மாணவர்கள் தங்கள் ஆய்வைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதினால் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. நான் ஒரு லட்சம் கேட்கவில்லை. பிழை இருக்கிறதா என்று உங்கள் வல்லுநரே பார்க்கட்டும், அந்த 10 சதவீதத்தையும் அவளிடம் காட்டித் திருத்திக்கொள்ளட்டும்.

முழுப் பக்கம்கூட வேண்டாம். ராசிபலனுக்குக் கீழே கால் பக்கம் காலியாகக் கிடந்து, இதழுக்கு இதழ் ஒரே தாமரைப் படம் போடுகிறீர்களே, அந்த இடம் போதும், இரண்டு இதழில் பிரித்துப் போடலாம். நான்காவது முறையாக அவள் கட்டுரையை இத்துடன் இணைத்திருக்கிறேன். என் கடிதங்களை நீங்கள் பாதிக்கு மேல் வெட்டித்தான் போடுவீர்கள், தெரியும். விளம்பரத்தைப் பற்றி எழுதியதை வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள், அம்மாவைப் பற்றி எழுதியதை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர், திருச்சி