மேடையை இறக்குங்கள், நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதிதாகத் தொழில் தொடங்குவோருக்குக் கைகொடுக்கப் போகிறோம் என்று யார் கிளம்பினாலும் முதலில் தேடுவது ஒரு அரங்கத்தை. அடுத்து சிறப்பு விருந்தினர், பேனர், பரிசுப் போட்டி. கூட்டம் நன்றாகவே சேரும். மறுவாரம் அங்கே வந்த ஒருவருக்குச் சம்பளம் போடப் பணம் இல்லை என்றால் யாரிடம் வாய்விட்டுச் சொல்வார்? மேடையில் பேசியவரை அணுக முடியாது. பக்கத்து நாற்காலியில் இருந்தவரின் பெயர்கூட நினைவில் இருக்காது.

1975 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் மென்லோ பார்க்கில், கார்டன் பிரெஞ்ச் என்பவரின் வீட்டு கார் ஷெட்டில் சுமார் 30 பேர் கூடினார்கள். கணினி ஆர்வலர்கள் சேர்ந்த ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பின் முதல் கூட்டம் அது. ஆப்பிளைப் பின்னர் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் முதல் நாளே வந்திருந்தார், ஆப்பிளின் முதல் கணினி பின்னர் அந்தக் கிளப்பில்தான் காட்டப்பட்டது என்பதெல்லாம் பலரும் சொல்லும் கதை. கூட்டத்தை நடத்திய விதத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. லீ ஃபெல்சென்ஸ்டைன் நெறிப்படுத்திய கூட்டங்களில், முதலில் ஒவ்வொருவராக எழுந்து தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வார்கள். பிறகு யாருக்கு யாரிடம் காரியமோ அவர்களிடம் நேராகப் போய்ப் பேசிக்கொள்வார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இது நடந்தது.

எந்த ஊரிலும் இதைச் செய்யலாம். ஒரு வட்டத்துக்கு 8 பேர், 90 நிமிடம், மாதம் இருமுறை. முதல், மூன்றாம் வியாழன் என்று நாளைக் குறித்துவிட்டால் பிறகு மாற்றக் கூடாது. நாலு பேர்தான் வந்தார்கள் என்றாலும் நடத்திவிட வேண்டும். இக்கட்டில் இருப்பவர் "இந்த வாரம் கூட்டம் உண்டா?" என்று கேட்க மாட்டார், பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடுவார். தேதி மாறாமல் இருந்தால் அவர் கேட்க வேண்டியதே இல்லை.

முதல் 20 நிமிடத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம். கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும், வெளியில் எவ்வளவு வசூலாக வேண்டும், முட்டி நிற்கும் வேலை எது: இந்த மூன்றை மட்டும் சொல்ல வேண்டும். அடுத்த ஒரு மணி நேரம் இரண்டு பேருக்கு. ஒவ்வொருவரும் 5 நிமிடம் தன் சிக்கலைச் சொல்வார். அடுத்த 10 நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். கடைசி 15 நிமிடம் "நான் இப்படிச் செய்தேன், இப்படி ஆயிற்று" என்று அனுபவத்தைச் சொல்லலாம்.

இந்த முறை கெடுவது நடுவில் உள்ள அந்தப் பத்து நிமிடத்தில்தான். "ஏன் விலையை ஏற்றக் கூடாது?" என்பது கேள்விக்குறி ஒட்டிய அறிவுரை. நடத்துபவர் அதை அங்கேயே வெட்ட வேண்டும். ஏனென்றால் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லப்படும் சிக்கல் பெரும்பாலும் உண்மையான சிக்கலாக இருப்பதில்லை. ஒருவர் "விற்பனை போதவில்லை, முதலீட்டாளரைக் காட்டுங்கள்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பத்து பில்லை எந்தெந்தத் தேதியில் போட்டீர்கள், பணம் எப்போது வந்தது என்று வரிசையாகக் கேட்டால் வேறு கதை வெளியே வரும். ஆர்டருக்குக் குறைவில்லை. வாடிக்கையாளர் 90ஆம் நாள் பணம் தருகிறார், சம்பளமோ 30ஆம் நாள் போக வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் ஒவ்வொரு புது ஆர்டரும் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கும். அவருக்கு வேண்டியது முன்பணம், வேலை முடிய முடியப் பகுதி பகுதியாக பில் போடும் ஏற்பாடு, அல்லது பில்லை வைத்துக் கடன். முதலீட்டாளரிடம் அனுப்பியிருந்தால் ஆறு மாதம் அலைந்துவிட்டு அதே இடத்தில் வந்து நிற்பார்.

மீதிப் பத்து நிமிடம் ஒரு நோட்டுக்கு. தேதி, கேட்டவர், கேட்டது, செய்கிறேன் என்றவர், எந்தத் தேதிக்குள் என்று ஐந்து பத்தி. அடுத்த கூட்டத்தில் முதல் வேலை அதைப் படிப்பது. இந்த நோட்டு இல்லாத வட்டம் நாலைந்து கூட்டத்தில் அரட்டையாகிவிடும். கேட்பதும் துல்லியமாக இருக்க வேண்டும். "மார்க்கெட்டிங்கில் உதவி வேண்டும்" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் எதுவும் செய்ய மாட்டார்கள். "50 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனையில் கொள்முதல் பார்ப்பவர் ஒருவரோடு 15 நிமிடம் பேச வேண்டும்" என்றால் யாராவது ஒருவருக்கு ஒரு முகம் ஞாபகம் வரும். அறிமுகம் செய்வதற்கு முன் எதிர்த்தரப்பைக் கேட்டுக்கொள்வது முக்கியம். கேட்காமல் எண்ணைக் கொடுத்தால் அந்தக் கதவு அடுத்தவருக்குத் திறக்காது. அப்படியே அனுப்பக்கூடிய ஐந்து வரிக் குறிப்பை உதவி கேட்பவரே எழுதித் தர வேண்டும்.

அந்தரங்கம் காக்க, லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் விதி என்று 1927 முதல் புழக்கத்தில் இருப்பதைக் கடன் வாங்கலாம்: கேட்டதைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்று வெளியே சொல்லக் கூடாது. இருந்தாலும் வாடிக்கையாளர் பட்டியல், விலைப்புள்ளி, மென்பொருள் நிரல் ஆகியவற்றை வட்டத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம். நேரடிப் போட்டியாளர்களை வெவ்வேறு வட்டங்களில் போட வேண்டும். ஒருமுறை வாய் தவறினால் வெளியே. இதில் தயவு காட்டினால் மற்ற ஏழு பேரும் அடுத்த கூட்டத்திலிருந்து நல்ல செய்தி மட்டுமே சொல்வார்கள்.

வட்டம் கொஞ்சம் பெயர் எடுத்ததும் ஆலோசகர்கள் வந்து மொய்ப்பார்கள். நாலில் மூன்று பேராவது சொந்தமாகத் தொழில் நடத்துபவராக இருக்க வேண்டும் என்று முன்பே எழுதிவைப்பது நல்லது. வழக்கறிஞர், கணக்காளர், வங்கிக்காரர்களுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம். முதல் சந்திப்பிலேயே "வழிகாட்டுகிறேன், 5 சதவீதம் பங்கு கொடு" என்பவரைப் பற்றிப் புதியவர்களை எச்சரிக்க வேண்டும். புதிய நிறுவனங்களைத் தொடங்குவோருக்குப் பயிற்சி தரும் ஃபவுண்டர் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தத்தில், இன்னும் எண்ண அளவிலேயே உள்ள நிறுவனத்தின் ஆலோசகருக்கு 0.25 முதல் 1 சதவீதம்தான். அதுவும் இரண்டு ஆண்டுகளில் சிறிது சிறிதாகத்தான் கைக்கு வரும்.

கூட்டாளிகளுக்குள்ளும் இதே கணக்குதான். வழக்கமான ஏற்பாட்டில் கூட்டாளியின் பங்கு நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சேரும், அதில் முதல் ஓராண்டு தடை. பத்தாம் மாதம் விலகினால் பங்கு கிடையாது. ஓராண்டு முடிந்தால் கால் பங்கு உறுதியாகும், மீதி மாதா மாதம் சேரும். இதை எழுதாமல் விட்டால், ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போனவர் கையில் பாதி நிறுவனம் இருக்கும். பிறகு வரும் முதலீட்டாளர் அதைப் பார்த்ததும் பின்வாங்குவார். நண்பனிடம் எப்படிக் கையெழுத்து கேட்பது என்று கூச்சப்படுகிறார்கள். மனஸ்தாபம் வந்தபின் கேட்டால் யார் போடுவார்கள்? வட்டத்தில் சேரும் ஒவ்வொருவரிடமும் முதல் மாதமே இதை விசாரித்துவிட வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் உதவ நினைத்தால் பரிசுக் கோப்பை வேண்டாம், ஒரு சோதனை ஆர்டர் போதும். மூன்று மாதம், சிறிய தொகையானாலும் கட்டணம், முடிவெடுக்க அதிகாரம் உள்ள ஒருவரின் பெயர், எந்த எண்ணிக்கை வந்தால் வெற்றி, வெற்றி என்றால் அடுத்து என்ன: இவை முதலிலேயே காகிதத்தில் இருக்க வேண்டும். இலவசச் சோதனை ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்றால், அந்தச் செலவுக்கு அங்கே யாரும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் அது பயன்படுகிறதா என்று பார்க்கும் அவசியமும் யாருக்கும் இல்லை. மூன்றாண்டு வரவு செலவு அறிக்கை கேட்கும் விதியை இத்தகைய சிறு ஆர்டர்களுக்காவது தளர்த்த வேண்டும். ஒரு வயது நிறுவனம் அதற்கு எங்கே போகும்?

எட்டுப் பேர் வட்டம் நாளடைவில் எட்டுப் பேர் கோஷ்டியாகும் ஆபத்தும் உண்டு. அதற்கு மாதம் ஒரு திறந்த கூட்டம் வேண்டும். அமெரிக்காவின் காஃப்மன் அறக்கட்டளை 2012இல் கான்சாஸ் சிட்டியில் தொடங்கிய 'ஒன் மில்லியன் கப்ஸ்' நல்ல மாதிரி: தொழில்முனைவோர் 6 நிமிடம் பேசுவார், 20 நிமிடம் கேள்வி பதில், இந்த ஊரார் உங்களுக்கு என்ன செய்யலாம் என்பது கடைசிக் கேள்வி. அது காலையில் நடப்பதையும் கவனிக்க வேண்டும். மாலைக் கூட்டங்களுக்குக் கைக்குழந்தை உள்ளவர்கள் வருவதில்லை. 'ஆர்வம் இல்லை' என்று அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

பொறுப்பை ஒரே ஆளிடம் விட்டால் அவர் களைத்துப்போகும் நாளில் எல்லாம் நின்றுவிடும். மூன்று பேர் போதும், ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறட்டும். புரவலர் இடம் கொடுக்கலாம், மைக் அவர் கையில் போக வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் கூட்டத் தேதியும் நோட்டில் உள்ள கேட்புகளும் தவிர எதையும் அனுமதிக்கக் கூடாது.

உங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறோம். எந்த நிறுவனம் எவ்வளவு முதலீடு திரட்டியது என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். மூடப்படும் சிறு நிறுவனங்களில் தச்சர் முதல் புரோகிராமர் வரை வேலை தெரிந்தவர்களும், இன்னும் ஓடக்கூடிய இயந்திரங்களும் இருக்கின்றன. உள்பக்கத்தில் வாரம் ஒருமுறை ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள். திறந்த கூட்டம் எந்த நாள், எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வேலைக்கு ஆள் இருக்கிறார்கள், எந்த இயந்திரம் விற்பனைக்கு என்ற விவரங்களை எந்த நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று சொன்னால் போதும், அந்தந்த வட்டத்தின் பொறுப்பாளர்களே தொகுத்து அனுப்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தொழில்முனைவோர் வட்டங்களை ஒருங்கிணைக்கும் வாசகர்கள் சிலர்