ரிச்தோஃபன் படைப்பிரிவு: கட்டுரையில் விடுபட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மன் விமானப்படையின் 71-ஆம் போர் விமானப் படைப்பிரிவான ‘ரிச்தோஃபன்’ பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுகள் போர் விமான எஞ்சின்களைக் கழற்றி மாட்டியவன் நான். இந்த வகைக் கட்டுரை கண்ணில் பட்டால் விடுவதில்லை. முதல் உலகப் போரின் ஜெர்மன் விமானி மான்ஃபிரட் ஃபான் ரிச்தோஃபனின் சிவப்பு வண்ண விமானத்துக்கும் அவர் வீழ்த்திய 80 விமானங்களுக்கும் முக்கால் பங்கு இடத்தைக் கொடுத்த கட்டுரையாளர், படைப்பிரிவு தொடங்கிய 1959-க்குப் பிந்தைய கதையை மூன்று பத்திகளில் முடித்துவிட்டார். அந்தப் படைப்பிரிவு பெருமை கொள்ளத்தக்க மரபு அந்த மூன்று பத்திகளுக்குள்தான் கிடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பெயர். ரிச்தோஃபன் 1918 ஏப்ரல் 21 அன்று, 25 வயதில், பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் சுட்டு வீழ்த்தப்பட்டார். எதிரணியில் இருந்த ஆஸ்திரேலியர்களே முழு இராணுவ மரியாதையுடன் அவரை அடக்கம் செய்தார்கள். இதைக் கட்டுரை அழகாகச் சொல்கிறது. முதல் உலகப் போரில் அவர் நடத்திய படையின் கடைசித் தளபதியாக இருந்தவர், பின்னாளில் நாஜி விமானப்படைத் தலைவரான ஹெர்மன் கோரிங் என்பதைச் சொல்லவில்லை. 1935-இல் நாஜி அரசு இதே பெயரைத் தன் படைப்பிரிவு ஒன்றுக்குச் சூட்டியதையும் சொல்லவில்லை. 1937-இல் ஸ்பெயினின் குவெர்னிகா நகரத்தின் மீது குண்டு பொழிந்த, அந்நாட்டு உள்நாட்டுப் போருக்கு ஜெர்மனி அனுப்பிய காண்டோர் படையில் வோல்ஃப்ராம் ஃபான் ரிச்தோஃபன் முக்கிய அதிகாரியாக இருந்தார்; அவரும் அதே குடும்பத்தின் கிளையில் வந்தவர்.

இத்தனை கறையும் படிந்த பெயரைத்தான் 1961-இல் மேற்கு ஜெர்மன் அதிபர் ஹைன்ரிக் லூப்கே புதிய படைப்பிரிவுக்கு வழங்கினார். அன்று பெயர் பெற்ற மூன்று பிரிவுகளுக்கும் முதல் உலகப் போர் விமானிகளின் பெயர்களே கிடைத்தன. இடையில் கிடந்த நாஜிக் காலத்தை ஒரே தாவில் தாண்டிவிடப் பார்த்தார்கள் என்று நான் கருதுகிறேன். அது முழுதும் நடக்கவில்லை. நாய்பர்க்கில் உள்ள 74-ஆம் படைப்பிரிவுக்கு 1973-இல் சூட்டிய ‘மோல்டர்ஸ்’ என்ற பெயரை 2005-இல் எடுத்துவிட்டார்கள். விமானி வெர்னர் மோல்டர்ஸ் ஸ்பெயினில் காண்டோர் படையில் இருந்தவர் என்பதே காரணம். மரபு என்பது ஒரு நாடு தன் பழைய பெட்டியைத் திறந்து, எதை வைத்துக்கொள்வது என்று தயங்கித் தயங்கி எடுப்பது. அந்தத் தயக்கத்தை எழுதாமல் பெருமையை மட்டும் எழுதியது எனக்கு வருத்தம் தந்தது.

இனி எரிக் ஹார்ட்மன். 1959-இல் ஆல்ஹார்ன் தளத்தில் இப்படைப்பிரிவு தொடங்கியபோது முதல் தளபதி அவர்தான். இரண்டாம் உலகப் போரில் 352 விமானங்களை வீழ்த்தியவர், பத்தாண்டுகள் சோவியத் சிறையில் கிடந்தவர் என்றுதான் கட்டுரை அவரை அறிமுகம் செய்கிறது. நான் அவரை மதிப்பது வேறொன்றுக்காக. ஸ்டார்ஃபைட்டர் என்ற அமெரிக்கப் போர் விமானத்தை வாங்க அரசே துடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நம் விமானிகள் இதற்கு இன்னும் தயாராகவில்லை என்று மேலிடத்திடம் சொன்னவர் அவர். மேலதிகாரிகளின் வெறுப்பைச் சம்பாதித்து, 1970-இல் ஓய்வு பெற்றார்.

அவர் சொன்னது பலித்தது. தெளிந்த வானில் உயரத்தில் பாய்வதற்கென்று வடிவமைத்த விமானத்தின் மேல் கூடுதல் கருவிகளை ஏற்றி, மேகமும் மூடுபனியும் நிறைந்த வானத்தில் தாழப் பறந்து குண்டு வீசும் வேலைக்கும் அனுப்பினார்கள். பயிற்சி போதவில்லை. தேர்ந்த மெக்கானிக்குகளும் போதவில்லை. ஜெர்மனி வாங்கிய 916 ஸ்டார்ஃபைட்டர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று விபத்தில் அழிந்தது. 116 விமானிகள் இறந்தார்கள். எந்தப் போரிலும் அல்ல, அமைதிக் காலத்தில்! 1966-இல் விமானப்படைத் தலைவரான யோஹனஸ் ஸ்டைன்ஹோஃப் பயிற்சியையும் பராமரிப்பையும் சீராக்கி, விமானியை வெளியேற்றும் இருக்கையையும் மாற்ற வைத்த பிறகுதான் நிலைமை தேறியது. ரிச்தோஃபன் பிரிவும் 1963 முதல் இதே விமானத்தில்தான் பறந்தது. கட்டுரையில் இதற்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்.

ஒரு மெக்கானிக்கின் கண்ணுக்கு மட்டும் படும் செய்தி ஒன்று. ஸ்டார்ஃபைட்டருக்கும், 1974-இல் அதன் இடத்துக்கு வந்த ஃபேண்டமுக்கும் எஞ்சின் ஒரே குடும்பம்: ஜே-79. முன்னதில் ஒன்று, பின்னதில் இரண்டு. 2013 ஜூன் 29 அன்று, படைப்பிரிவு பின்னர் குடியேறிய விட்முண்ட் தளத்தில் ஃபேண்டமுக்கு விடை கொடுத்த நாள் வரை, ஐம்பது ஆண்டுகள் அந்த எஞ்சினோடு அத்தளத்தின் தரைப்பணியாளர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். மூத்தவர் கை பிடித்துக் காட்டியதை இளையவர் தன் கீழே வந்தவருக்குக் காட்டியிருப்பார். எஞ்சின் வேலையில் பாடம் அப்படித்தான் இறங்கும். என் அனுபவமும் அதுவே.

எச்சரிக்கை மணி அடித்தால் பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டு விமானங்கள் மேலே எழும்ப வேண்டும். இரவு, விடுமுறை, கிறிஸ்துமஸ் எதுவும் விலக்கல்ல. வட ஜெர்மனியின் வானத்துக்கு விட்முண்ட் இந்தக் காவலைப் பல்லாண்டுகள் சுமந்தது. அந்த இரண்டு விமானங்களும் எழும்பியதற்குப் பின்னால், குளிரில் விறைத்த விரலோடு ஸ்பேனர் பிடித்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றியும் ஸ்டார்ஃபைட்டரில் மாண்ட விமானிகளைப் பற்றியும் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதன் முகப்புப் படத்துக்குச் சிவப்பு விமானம் வேண்டாம். கரும்புகை கக்கியபடி ஏறும் ஃபேண்டம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான எஞ்சின் மெக்கானிக்,
தாம்பரம்.