மேலே ஒரு மாடி

அன்புள்ள சேகர்,

மூன்று மாதமாய் உனக்குப் பதில் போடாதது என் தப்புதான். இங்கே எல்லோரும் சௌக்கியம். சீட்டுக் கணக்கைப் பற்றி இன்னும் குமாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாயாமே, விடவே மாட்டாயா?

கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில், அப்பா கட்டிய வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்பப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். எனக்குத் தூக்கம் போச்சு. காரணம், போன ஞாயிறு நான் பார்த்துவிட்டு வந்த வீடு.

இங்கிலாந்தின் செஷயரில், காங்கிள்டன் ஊர்ப் பக்கம், லிட்டில் மோர்ட்டன் ஹால். சுற்றிலும் அகழி, நடுவில் ஓக் மரச்சட்டங்களால் கட்டிய மாளிகை. 1500களின் தொடக்கத்தில் ஆரம்பித்து, மோர்ட்டன் குடும்பம் தலைமுறை தலைமுறையாய்ச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது. வாசல் பக்கத்துக் கட்டடத்தின் உச்சியில் 68 அடி நீளத்துக்கு ஒரு கூடம். முதலில் திட்டத்தில் இல்லாமல், கட்டும்போது வந்த ஆசை என்கிறார்கள். அதற்கு மேல் கனமான மணற்கல் பலகைகளால் கூரை. அந்தப் பாரத்தில் கீழ்த்தளங்கள் வளைந்துவிட்டன. கூடத்தில் நடந்தேன், ஒரு கால் மேட்டில், மறு கால் பள்ளத்தில். கட்டடம் பிளந்துவிடாமல் இருக்கப் பின்னாளில் குறுக்கு உத்தரங்கள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கூடத்தின் ஒரு முனையில் சுதைச் சிற்பமாய் விதி, மறு முனையில் அதிர்ஷ்டம். விதியை ஆள்வது அறிவு, அதிர்ஷ்டச் சக்கரத்தை ஆள்வது அறியாமை என்று எழுதியிருக்கிறது. அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

முற்றத்து ஜன்னல்களைப் பார்த்திருந்தால் நீ நகர்ந்திருக்க மாட்டாய். ரிச்சர்ட் டேல் என்ற தச்சர், கடவுள் அருளால் இவற்றைச் செய்தேன் என்று 1559இல் தன் பெயரோடு மரத்திலேயே செதுக்கியிருக்கிறார். நம் ஆறுமுக ஆசாரி உன் வீட்டு உத்தரத்தில் பேரைச் செதுக்கி, உன் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது.

சேகர், அந்த உத்தரம் மொட்டைமாடியை மட்டும் தாங்குவதற்காக வைத்தது. மெட்ராஸ் டெரஸ் வீடு அது, மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பாவிய கூரை. காண்ட்ராக்டர் தாங்கும் என்று சொன்னால் போதாது. சுவர், அஸ்திவாரம், உத்தர முனைகள் எல்லாவற்றையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் தட்டிப் பார்க்கட்டும். அவர் எழுத்தில் கொடுக்கும்வரை செங்கல் இறக்காதே. அவருக்கான பீஸ் என் பொறுப்பு, இதில் ரோஷம் பார்க்காதே.

இந்த வாரமே பதில் போடு. ஆசாரி பேர் இருக்கும் இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு.

உன்,
ராஜு