பரிசோதனைக் கேர்னலைப் பொறுப்புடன் வெளியிடுக

ஆசிரியர் அவர்களுக்கு,

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலை மேசைக் கணினிகளுக்கென மாற்றியமைத்து, பரிசோதனைப் பதிப்பாக வெளியிட விரும்பும் நம் யாழ்ப்பாணத்து இளைஞர்களை மனமார வரவேற்கிறேன். அவுஸ்திரேலிய மருத்துவரான கொன் கொலிவாஸ், கணினியின் மையச் செயலியின் (CPU) நேரத்தைப் பணிகளுக்குப் பங்கிடும் முறையை மாற்றி, 2009 இல் பிஎஃப்எஸ் என்னும் புதிய பங்கீட்டு நிரலைத் தனியொருவராகவே வெளியிட்டார். அது லினக்ஸின் அதிகாரபூர்வமான முதன்மைக் கேர்னலில் சேர்க்கப்படாதபோதும், கணினி உடனுக்குடன் இயங்க வேண்டுமென விரும்பிய பலர் அதைப் பயன்படுத்தினர்.

ஆனால், பாவித்த கணினி ஒன்றையே முழுக் குடும்பமும் நம்பியிருக்கும் வீடுகள் இங்கு பல. கேர்னலில் நேரும் பிழை ஒரு மென்பொருளை மட்டும் நிறுத்துவதோடு முடியாது. கோப்பு முறைமையையே சிதைத்து, உயர்தர மாணவரின் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் அழித்துவிடக்கூடும். எனவே, சிக்கல் நேர்ந்தால் திரும்பிச் செல்ல, கணினி தொடங்கும்போது தெரிவுசெய்யும் பட்டியலில் பழைய கேர்னலும் கட்டாயம் இருக்கவேண்டும். கோப்புகளைப் பிரதியெடுக்குமாறு நிறுவுவதற்கு முன்பே தமிழில் அறிவுறுத்தவேண்டும். மாற்றிய கேர்னலின் மூலநிரலை வழங்குவது, லினக்ஸ் கேர்னல் வெளியிடப்படும் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு என்னும் உரிமத்தின் நிபந்தனையே. இவற்றிலும் கடினமானது, முதன்மைக் கேர்னலில் வெளியாகும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமதமின்றித் தம் பதிப்பிலும் சேர்த்துவருவது. அதற்கு ஆளில்லையெனில், பரிசோதனைக்கென ஒதுக்கிய கணினிகளுக்கு மட்டுமே அதை வழங்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கணினி ஆசிரியர் ஒருவர்,
கொக்குவில்.