மெஷின் வாங்கப் போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தால் விழுங்குகிறார், இல்லையென்றால் இல்லை.

கார் பாலிஷ் மெஷின் படங்கள் என்று நீ அனுப்பியதை உன் தங்கை காட்டினாள். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அனுப்பியிருக்கிறாய். கம்பெனிக்குள் போனை எடுக்கவே விடமாட்டார்கள் என்று நீதான் சொல்வாய். சரி, ஷிப்ட் மாறியிருக்கும். நான் எதுவும் கேட்கவில்லை.

படங்களை அப்பாவிடமும் காட்டினேன். கண்ணாடிகூடப் போடாமல் பார்த்துவிட்டு, "நாலில் மூன்று ரோட்டரி" என்றார். அதற்கு மேல் சொன்னதையெல்லாம் டிவியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். யார் காதில் விழுவதற்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா? அதனால் எழுதுகிறேன்.

ரோட்டரி வேண்டாம். விலை குறைவு என்றுதான் உன் கண் அங்கே போயிருக்கும். அது ஒரே அச்சில் சுற்றுவது. கை சற்று நின்றாலும் சூடேறி, நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சை, அதுதான் கிளியர் கோட், தின்றுவிடும். தின்னாவிட்டாலும் வண்டியை வெயிலில் நிறுத்தும்போது வளைவு வளைவாகக் கோடு தெரியும். நீ வாங்க வேண்டியது டூயல் ஆக்‌ஷன். முனையில் மாட்டும் மெத்தென்ற பேடு சுற்றவும் செய்யும், ஆடவும் செய்யும். ரொம்ப அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். மெஷினுக்குத் தெம்பில்லை என்று அப்போது உனக்குக் கோபம் வரும். ஆனால் புதிதாகப் பிடிப்பவனைக் காப்பாற்றுவதே அந்தக் குணம்தானாம். பேடு ஒட்டும் பிளேட் 5 அங்குலம், ஆட்டம் 8 மில்லிமீட்டர் போதும். 15, 21 என்று பெரிய ஆட்டம் உள்ளதற்கு இப்போது காசைக் கொட்டாதே. வேகத்தைக் கூட்டிக் குறைக்க வசதி இருக்கிறதா, மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ்ஷும் பிளேட்டும் ஓசூரிலேயே கடையில் கிடைக்குமா என்று பார்த்து வாங்கு.

வீட்டில் இருக்கிற நாலு அங்குல கிரைண்டரில் பஃபிங் பேடு மாட்டினால் என்ன என்று யோசிப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அது நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடி இரும்பை அறுக்கிற சாமான். செவ்வாய்ப்பேட்டை மாமாவின் கருப்பு வண்டி பானெட்டை ஒரு முறை நினைத்துக்கொள். கிளியர் கோட் என்பது 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெலிது. போய்விட்டால் பாலிஷ் போட்டு வராது, பெயிண்டுதான் அடிக்க வேண்டும்.

நான் பட்டறைக்குள் நின்றவள் இல்லை, சட்டை துவைத்தவள். அம்பாசிடர் காலத்தில் அப்பாவின் கைமடிப்பைப் பிரித்தால் அன்று எந்த நிற வண்டி என்று தெரிந்துவிடும். பாலிஷ் போடத் தேய்க்கும் பசையான காம்பவுண்டோடு பெயிண்டும் சேர்ந்து வந்து தையலுக்குள் இறுகியிருக்கும். பிறகு மெட்டாலிக் வண்டிகள் வந்தன. எந்த நிற வண்டியானாலும் சட்டையில் வெள்ளைக் கறைதான். நிறத்துக்கு மேல் இன்னொரு பூச்சு வந்துவிட்டது என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். நீயும் பேடைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இரு. கிளியர் கோட் உள்ள வண்டியில் பேடு நிறம் பிடிக்கத் தொடங்கினால் உடனே நிறுத்து.

மெஷினில் மிச்சம் பிடித்து பேடில் செலவு செய். ஒரு பேடை வைத்து ஒரு காரை முடிக்க முடியாது. சூடேறும், காம்பவுண்ட் அடைத்துக்கொள்ளும். கீழே விழுந்த பேடைக் கழுவாமல் திரும்ப மாட்டாதே, ஒரு மணல் போதும். துடைக்க நல்ல மைக்ரோஃபைபர் துணி வாங்கு. காலமெல்லாம் பனியன் வேஸ்டில் துடைத்த மனிதரே அது வேண்டாம் என்கிறார். முதலில் நன்றாகக் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கிளே பார் போட்டு, ஓரங்களிலும் பிளாஸ்டிக்கிலும் டேப் ஒட்டு. கீறலை நகத்தால் தடவிப் பார். நகம் மாட்டினால் அது பாலிஷில் போகாது, விட்டுவிடு. வெயிலில் வைத்துச் செய்யாதே. மெஷின் ஒயரைத் தோளில் போட்டுக்கொள். வாட்சையும் பெல்ட்டையும் கழற்றிவிடு. முகக்கவசம் போடு. அப்பாவின் இருமலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதையும் நான் எழுத வேண்டியிருக்கிறது.

ஒன்பதாவது படிக்கும்போது நீ எழுதிய நம்பர் பிளேட்டை இன்றைக்கும் அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். உன் கை அவர் கை. அதை வைத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் திரிந்தாயே என்று எனக்கு ஆத்திரமும் வருகிறது. இந்த வாடையில் நீ நிற்க வேண்டாம் என்று டிப்ளமோவில் சேர்த்தவரும் அவர்தான், அதையும் மறக்கவில்லை.

ரோட்டரி வேண்டாம் என்று எழுதினேன் அல்லவா? மறந்துவிடாதே. கடன் வாங்கியும் வாங்காதே. சம்பளம் வந்த மாதத்தில் வாங்கு. சம்பளம் எப்போதும்போல முதல் தேதியில்தானே வருகிறது?

தங்கைக்கு வரன் ஒன்று வந்திருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

போன வாரம் அப்பா பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு காரின் முன்கதவை ஆட்டோவில் ஏற்றி வந்தார். கொல்லையில் சாய்த்து வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. மெஷின் வந்ததும் நேராக உன் வண்டியில் வைத்துவிடாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வா, அந்தக் கதவில் பழகிக்கொள்ளலாம்.

அதற்கு முன் ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும். மெஷின் உன் ஒரு வண்டிக்கு மட்டும்தானா, இல்லை, நாள் முழுக்க ஓடப் போவதா? வருடத்துக்கு இரண்டு முறை எடுப்பதற்கு ஒரு மெஷினாம், தினம் நாலு வண்டிக்கு வேறு மெஷினாம். அப்பா கேட்கச் சொன்னார். என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவருக்கே போன் செய்து சொல். சாப்பிட்டு ஒன்பது மணிவரை விழித்திருப்பார்.

இப்படிக்கு,
அம்மா